வெறுங்காலுடன் கிளாஸ்கோ சென்ற வீரர் முகமது சலீம்

மல்லேஸ்வரம் 18-வது கிராஸ் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்து உதைக்கும் பையன்களில் யாராவது ஒருவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலுடன் ஓடுவான். பூட்ஸ் வாங்க வசதி இருக்காது. அல்லது, அது இல்லாமலேயே பந்து சொன்னபடி கேட்கும் என்ற நம்பிக்கை இருக்கும்.

அப்படி வெறுங்காலுடன் ஆடியே கடல் கடந்து போனவர் ஒருவர் உண்டு. ஐரோப்பாவின் பேர்பெற்ற கால்பந்து சங்கம் ஒன்றின் சட்டையை அணிந்து, வெள்ளைக்காரர்களை மூக்கின்மேல் விரலை வைக்கச் செய்தவர் அவர். வந்த வாழ்வை வைத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பியவரும் அவரே!

அவர் பெயர் முகமது சலீம். பிறந்த ஊர் கல்கத்தா. ஐரோப்பிய சங்கம் ஒன்றுக்காக ஆடிய முதல் இந்தியர் என்று கால்பந்து வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது.

கப்பல் துறைப் பேட்டை

கல்கத்தாவின் மேற்கே, ஹூக்ளி நதிக்கரையில் இருப்பது மெட்டியாபுருஸ். ராஜ்யத்தை வெள்ளைக்காரர்களிடம் பறிகொடுத்த அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா வந்து தங்கிய இடம் அது. நவாபின் காலம் முடிந்த பிறகு அது தையல்காரர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் நிறைந்த பேட்டை ஆயிற்று. அங்கே 1904-ம் ஆண்டில் சாதாரணக் குடும்பம் ஒன்றில் சலீம் பிறந்தார்.

அவருக்கு 7 வயது ஆனபோது கல்கத்தாவே அதிர்ந்த ஒரு சம்பவம் நடந்தது. 1911 ஜூலை 29-ந் தேதி ஐ.எப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில், கிழக்கு யார்க்‌ஷயர் ராணுவ அணியை மோகன் பகான் 2—1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. மோகன் பகான் ஆட்டக்காரர்கள் 11 பேரில் 10 பேர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். எதிரே நின்றவர்களோ இரும்பு போன்ற பூட்ஸ் அணிந்த சோல்ஜர்கள். துப்பாக்கி பிடித்து ஜெயிக்க முடியாதவர்களைப் பந்தை உதைத்து ஜெயித்துவிட்டோம் என்று ஊர் கொண்டாடியது.

அன்று முதல் கல்கத்தாவில் பந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஏழைப் பையன்களும் மானத்தோடு தலைநிமிர்ந்து நிற்க அது ஒரு வழி ஆயிற்று. அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர் சலீம்.

சங்கம் சங்கமாக

சலீம் மருந்துத் தொழில் பயின்றார். ஆனால் மனம் மைதானத்தில் இருந்தது. இருபது வயதைத் தாண்டிய பிறகு, 1926-ம் ஆண்டு வாக்கில், பவ்பஜார் பகுதியில் இருந்த சித்தரஞ்சன் கிளப்பில் சேர்ந்தார்.

அவர் முன்னணி வரிசையில் ஓரத்தில் ஆடுபவர். எல்லைக்கோட்டை ஒட்டிப் பந்தைக் கடத்திக்கொண்டு ஓடி, கோல் முகத்துக்கு நேராகத் தூக்கிக் கொடுப்பது அவர் வேலை. கோல் அடிப்பவன் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். பந்தைக் கொடுத்தவனின் பெயரைப் பார்த்தவர்கள்தான் சொல்லுவார்கள். சலீமின் பெயரைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆனாலும் அவருக்கு நிலையான இடம் லேசில் கிடைத்துவிடவில்லை. முகமதன் ஸ்போர்டிங் சங்கத்தில் இரண்டாம் அணியில்தான் முதலில் வைத்தார்கள். அங்கிருந்து ஸ்போர்டிங் யூனியன், பிறகு ஈஸ்ட் பெங்கால், பிறகு ஏரியன்ஸ் என்று சங்கம் சங்கமாக மாறினார். இப்படிச் சுமார் 8 ஆண்டுகள் ஓடின. அக்காலத்தில் ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. பந்தாட்டத்தில் பணம் வாங்குவது தவறு என்று கருதிய காலம். பகலில் ஒரு பிழைப்பு, மாலையில் மைதானம். அதுதான் எல்லா ஆட்டக்காரர்களின் நிலைமை.

கறுப்பு—வெள்ளைச் சட்டை

1934-ம் ஆண்டில் சலீமுக்கு நல்ல காலம் பிறந்தது. முகமதன் ஸ்போர்டிங் அவரைத் திரும்ப அழைத்தது. அந்த ஆண்டுதான் அந்தச் சங்கம் கல்கத்தா லீக் முதல் பிரிவுக்கு உயர்ந்திருந்தது. புதிதாக வந்த அணி என்ன செய்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். வந்த வருஷமே பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது! அதுவரை அந்தப் பட்டத்தை எந்த இந்திய சங்கமும் வென்றதில்லை. ராணுவ அணிகளும் வெள்ளைக்காரர்களின் கிளப்புகளுமே வென்றுவந்தன.

1934-ல் தொடங்கி 1938 வரை 5 ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் முகமதன் ஸ்போர்டிங்குக்கே. 1936-ல் லீக் பட்டத்தோடு ஐ.எப்.ஏ. கேடயமும் சேர்ந்து கிடைத்தது.

இந்த வெற்றியில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. ஊர் ஊராகத் திறமைசாலிகளைத் தேடிய அந்தச் சங்கம் பெங்களூரிலிருந்தும் ஆட்டக்காரர்களை வரவழைத்தது. அந்நாளில் கண்டோன்மெண்ட் பட்டாளங்களோடு மோதி மோதியே இந்த ஊர்ப் பையன்கள் பந்தாட்டத்தில் கெட்டிக்காரர்கள் ஆகியிருந்தார்கள். பம்பாயில் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை 1937-ம் ஆண்டு வென்று, அதை வென்ற முதல் இந்திய அணி என்ற பெயரைப் பெற்றது பெங்களூர் முஸ்லிம்ஸ் அணிதான். மறு ஆண்டும் அவர்களே வென்றார்கள்.

காணாமல் போன வீரர்

1936 ஜூலையில் சீனாவின் ஒலிம்பிக் கால்பந்து அணி கல்கத்தாவுக்கு வந்தது. பெர்லின் ஒலிம்பிக்கிற்குப் போகப் பணம் போதவில்லை. வழி நெடுக ஊர் ஊராக ஆடி, வசூலாகும் பணத்தில் பயணம் செய்தது அந்த அணி. கல்கத்தாவில் இந்திய அணியோடு ஆட்டங்கள் ஏற்பாடாயின. முதல் ஆட்டத்தில் சலீம் பிரமாதமாக ஆடினார். சீனர்களே பாராட்டினார்கள்.

அடுத்த ஆட்டம் வந்தது. ஆனால் சலீமைக் காணோம்!

தேடினார்கள். பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள். பலன் இல்லை. அதற்குள் அவர் கப்பலில் போய்க்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். இங்கிலாந்தில் வசித்த ஹஷீம் என்ற உறவினர் அப்போது கல்கத்தா வந்திருந்தார். சலீமின் ஆட்டத்தைப் பார்த்த அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த ஆட்டத்தை இங்கே ஆடினால் கைதட்டல் கிடைக்கும். சீமையில் ஆடினால் வாழ்க்கையே கிடைக்கும் என்று அவர் எடுத்துச் சொன்னார். அங்கே பந்தாட்டம் ஒரு தொழில். இங்கிலாந்தில் ஓர் ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு 8 பவுன் வரை சம்பளம் கொடுக்கலாம் என்று விதி இருந்த காலம். அன்றைய கணக்கில் அது 106 ரூபாய்க்கு மேல். கல்கத்தாவில் ஒரு குமாஸ்தா அதை மாதச் சம்பளமாகக்கூடக் கனவு காண முடியாது!

சலீமுக்கு அப்போது 32 வயது. ஓரத்தில் ஓடி ஆடுபவருக்கு அது அந்திப்பொழுது. இப்போது போகாவிட்டால் எப்போதும் இல்லை. கப்பல் ஏறிவிட்டார்.

பிழைக்க வந்தவர்களின் சங்கம்

லண்டனில் இறங்கிய சலீமை ஹஷீம் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகருக்கு அழைத்துச் சென்றார். அங்கே இருந்தது செல்டிக் சங்கம்.

அந்தச் சங்கத்தின் கதையைத் தெரிந்துகொள்வது அவசியம். அயர்லாந்திலிருந்து பசிக்குத் தப்பிக் கிளாஸ்கோவுக்குப் பிழைக்க வந்த ஏழைகள், நகரின் கிழக்குப் பகுதியில் குடிசைகளில் வாழ்ந்தார்கள். அவர்கள் குழந்தைகளுக்குச் சோறு போடப் பணம் திரட்டுவதற்காக, வால்பிரிட் என்ற பாதிரிமார் சபைச் சகோதரர் 1887-ம் ஆண்டில் தொடங்கியதே செல்டிக். அதாவது, வேற்றூருக்குப் பிழைக்க வந்தவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட சங்கம். பச்சையும் வெள்ளையும் பட்டை போட்ட சட்டை. 1936-ல் ஸ்காட்லாந்தின் லீக் சாம்பியனும் அதுவே. ஜிம்மி மெக்ரோரி என்ற வீரர் ஒரே பருவத்தில் லீக்கில் 50 கோல் அடித்திருந்த சமயம்.

அதன் நிர்வாகி வில்லி மேலி, 1897-ம் ஆண்டிலிருந்து அந்தப் பதவியில் இருந்த பழுத்த அனுபவசாலி. அவரிடம் ஹஷீம் போய், இந்தியாவிலிருந்து ஒரு மகா ஆட்டக்காரரை அழைத்து வந்திருப்பதாகவும், ஒரு முறை ஆட விட்டுப் பார்க்கவேண்டும் என்றும் கேட்டார். சிறு சங்கடம் ஒன்று உண்டு, அவர் பூட்ஸ் அணியமாட்டார் என்றும் சொன்னார்.

மேலி சிரித்துவிட்டார். ஸ்காட்லாந்தின் தொழில் ஆட்டக்காரர்கள் உதைத்தால் எலும்பு முறியும். அவர்கள் நடுவே வெறுங்கால் ஆசாமியா? ஆனாலும் ஒரு வாய்ப்புத் தரச் சம்மதித்தார்.

சங்கத்தின் உறுப்பினர்களும் பயிற்சியாளர்களும் கூடி நின்று பார்க்க, சலீம் பந்தைத் தொட்டார். சிரிப்பு நின்றது!

காலில் சுற்றிய துணி

வெறுங்காலால் எப்படி ஆடுவது என்று வெள்ளைக்காரர்களுக்கு வியப்பு. இதில் மந்திரம் எதுவும் இல்லை. பூட்ஸ் அணிந்த கால் பந்தை மோதித்தான் அறியும். வெறுங்காலுக்குப் பத்து விரல்களும் பத்துக் கண்கள். பந்தின் அடியில் விரலைக் கொடுத்துச் சுண்டலாம், உருட்டலாம், நிறுத்தலாம். உலர்ந்த தரையில் வெறுங்கால் ஆட்டக்காரரைப் பிடிப்பது கஷ்டம்.

மழை பெய்தால்தான் ஆபத்து. தரை வழுக்கும். தோல் பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனக்கும். கல்கத்தாவின் பந்தாட்டப் பருவமோ மழைக்காலத்தில்தான். அங்கே தேறியவர் சலீம்.

செல்டிக்கின் பழைய நட்சத்திர வீரரும் பயிற்சியாளருமான ஜிம்மி மெக்மெனிமி, சலீமின் கணுக்கால்களுக்குத் துணிப்பட்டை சுற்றிக் கட்டும் காட்சி படமாகவே இன்றும் இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அடிமை நாட்டின் இந்தியர். அவர் காலடியில் குனிந்து பட்டை சுற்றுபவர் ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற வீரர். 1936-ம் ஆண்டில் இது சாமான்யமான காட்சி அல்ல!

5—1, 7—1

சலீம் செல்டிக்கின் முதல் அணியில் ஆடியதாகச் சிலர் கதை சொல்வதுண்டு. அது சரியல்ல. அவர் ஆடியவை அலையன்ஸ் லீக் என்னும் இரண்டாம் நிலைப் போட்டியில் இரண்டு ஆட்டங்கள். ஹாமில்டன் அணியுடன் ஆடியதில் செல்டிக்குக்கு 5—1 வெற்றி. கால்ஸ்டன் அணியுடன் ஆடியதில் 7—1 வெற்றி.

கால்ஸ்டன் ஆட்டம் ஆகஸ்டு 28-ந் தேதி, வெள்ளிக்கிழமை, செல்டிக் மைதானத்தில் நடந்தது. அன்று விழுந்த 7 கோல்களில் 3 கோல்கள் சலீம் கொடுத்த பந்தில் விழுந்தவை. பந்தைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்குமாக மாற்றி மாற்றி விளையாட்டுக் காட்டி, எதிரியைத் தாண்டி, கோல் முகத்தில் நின்றவர் தலைக்கு நேராக இறக்கி வைத்தார். இந்திய ஜாலவித்தைக்காரர் என்று மறுநாள் பத்திரிகை தலைப்புப் போட்டது.

அன்று ஒரு பெனால்டி கிடைத்தது. கோல் அடிக்க அதைவிடச் சுலபமான சந்தர்ப்பம் கிடையாது. சலீமை உதைக்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார்! பயம் அல்ல, கூச்சம். வந்த இடத்தில் முன்னே போய் நிற்கக் கூசும் சுபாவம். வெளியூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் எல்லோருக்கும் இருக்கும் கூச்சம்தான் அது.

ஊர் நினைப்பு

இரண்டே ஆட்டத்தில் பேர் கிடைத்துவிட்டது. செல்டிக் அவரை வைத்துக்கொள்ள விரும்பியது. இன்னும் ஓர் ஆண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1937-ல் செல்டிக் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. அந்த இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் கூடினார்கள்.

சலீமுக்கோ ஊர் நினைப்பு வந்துவிட்டது. தெரியாத பாஷை. குளிர். பழகாத சாப்பாடு. மைதானத்தில் ஆயிரம் பேர் கைதட்டினாலும், மாலையில் அறைக்குத் திரும்பினால் பேச ஆள் இல்லை. மனம் மெட்டியாபுருஸ் தெருக்களிலேயே சுற்றியது. சில மாதங்களில் திரும்பிப் போவதென்று முடிவு செய்துவிட்டார்.

எப்படியாவது நிறுத்தி வைக்க முயன்ற சங்கம், ஓர் உதவி நிதி ஆட்டம் நடத்தி வசூலில் 100-க்கு 5 பங்கு தருவதாகச் சொன்னதாம். அந்தப் பங்கு எவ்வளவு வரும் என்று தெரியாத சலீம், ஆட்டம் பார்க்க வந்த அனாதைக் குழந்தைகளுக்கே அதைக் கொடுத்துவிடும்படி சொன்னாராம். தொகை தெரிந்த பிறகு திகைத்தாலும், சொன்ன சொல்லை மாற்றவில்லை என்று அவர் குடும்பத்தார் பெருமையோடு சொல்லி வந்தார்கள். ஏழைக் குழந்தைகளின் பசி தீர்க்கப் பிறந்த சங்கத்தில், ஏழைப் பேட்டையிலிருந்து வந்தவர் செய்யக்கூடிய காரியம்தான் அது.

திரும்ப முடியாத ஸ்பானிஷ் வீரர்

சலீம் கப்பல் ஏறிய அதே 1936 ஜூலையில் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கே இசிட்ரோ லங்காரா என்ற முன்னணி வீரர் ஒருவர். 1934, 1935, 1936 ஆகிய 3 ஆண்டுகளும் ஸ்பெயின் லீக்கில் அதிக கோல் அடித்தவர். போர் வந்ததும் அந்தப் புகழெல்லாம் காற்றில் போயிற்று. பாஸ்க் பகுதி வீரர்களோடு 1937-ல் வெளிநாடு சென்றவர் நாடு நாடாக அலைந்தார். 1939-ல் அர்ஜென்டினா சென்று, சான் லொரென்சோ சங்கத்துக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே 4 கோல் அடித்தார். பிறகு மெக்சிகோவில் ஆடினார். சொந்த நாட்டு மைதானத்தில் மீண்டும் கால் வைத்தது 1946-ம் ஆண்டில்தான்.

லங்காரா ஊருக்குத் திரும்ப முடியாதவர். வெளிநாட்டிலேயே வாழ்ந்து காட்டினார். சலீம் திரும்ப முடிந்தவர். வெளிநாட்டு வாழ்வை விட்டுவிட்டுத் திரும்பினார். யார் கொடுத்து வைத்தவர் என்று சொல்வது சுலபம் அல்ல.

மீண்டும் கல்கத்தா

கல்கத்தா திரும்பிய சலீம், 1937-ம் ஆண்டுப் பருவத்தில் பழைய கறுப்பு—வெள்ளைச் சட்டையைப் போட்டார். காணாமல் போனவர் என்று யாரும் கோபித்துக் கொள்ளவில்லை. அந்த ஆண்டும் பட்டம். 1938-லும் பட்டம். பிறகு வயது அவரை ஓரங்கட்டியது.

நாடு விடுதலை பெற்ற பிறகும் வெறுங்கால் ஆட்டம் சில காலம் நீடித்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியர்கள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளிரிலும் ஈரத்திலும் யூகோஸ்லாவியாவிடம் 1—10 என்று தோற்ற பிறகே, பூட்ஸ் கட்டாயம் என்ற நிலைமை வந்தது. அன்று இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரின் அகமது கான். சலீமின் வித்தை அத்தோடு மைதானத்தை விட்டுப் போயிற்று.

பந்தாட்டம் அவருக்குப் பேர் கொடுத்தது. பென்ஷன் கொடுக்கவில்லை. சீமைக்குப் போய் வந்தவர் என்ற பேச்சும் நாளடைவில் தேய்ந்தது.

ஒரு கடிதம்

முதுமையில் சலீம் நோய்வாய்ப்பட்டார். அப்போது அவருடைய மகன் செல்டிக் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தகப்பனார் உடல்நலமின்றி இருக்கிறார், வைத்தியத்துக்குப் பணம் தேவை என்று அதில் குறிப்பிட்டார்.

பணம் வாங்குவது அவர் நோக்கம் அல்ல. 40 ஆண்டுகளுக்கு முன் இரண்டே ஆட்டம் ஆடிவிட்டு வந்த ஒரு இந்தியரை அங்கே யாராவது நினைவு வைத்திருக்கிறார்களா? அதைத் தெரிந்துகொள்ளவே எழுதினார்.

பதில் வந்தது! உறையைப் பிரித்தால், உள்ளே 100 பவுனுக்கு ஒரு பேங்க் டிராப்ட்.

அந்த டிராப்டை மகன் மாற்றவே இல்லை. தகப்பனாரை மறக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக அப்படியே பாதுகாத்து வைத்தார். 1980-ம் ஆண்டில் சலீம் காலமானார்.

அவருக்குப் பிறகு, இந்தியாவிலிருந்து போன ஒரு வீரர் பிரிட்டனில் தொழில் ஆட்டக்காரராக ஒப்பந்தம் பெற்றார் என்று நாடு பரபரப்பாகப் பேசியது 1999-ம் ஆண்டில்தான். பரி சங்கத்தில் சேர்ந்த பைச்சுங் பூட்டியா அவர். இடையில் 63 ஆண்டுகள்! 2012-ல் போர்ச்சுகலின் ஸ்போர்டிங் சங்கத்துக்குப் போன சுனில் சேத்ரி, இரண்டாம் அணியில் சில ஆட்டங்கள் மட்டுமே ஆடிவிட்டுத் திரும்பினார். 2013-ல் பெங்களூர் எப்.சி. அணியில் சேர்ந்து, இந்த ஊர் மக்கள் தோளில் தூக்கி வைத்துக்கொண்டாடும் தலைவர் ஆனார். திரும்பி வருவது தோற்று வருவது அல்ல என்பதற்கு நம் கண்ணெதிரே உள்ள உதாரணம் அது.

பொங்கலுக்கு ஊர் போகும் ரெயிலில் இடம் கிடைக்காமல் கதவோரம் நின்றுகொண்டே போகிறவர்களுக்கு, கைநிறையக் காசு கிடைக்கும் இடத்தை விட்டுச் சலீம் ஏன் திரும்பினார் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் திரும்பிய பிறகும், தான் போய் உழைத்த அந்த வேற்றூர் தன்னை நினைவு வைத்திருக்கிறதா என்று ஒரு மனிதருக்குத் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது. முகமது சலீமுக்கு அந்தப் பதில் கிடைத்தது. மாற்றப்படாத அந்த 100 பவுன் டிராப்டின் மதிப்பு அதுவே.